டிரான்சிஸ்டரைத் தட்டித் தடவாமல் கோப்பது எப்படி?

சம்மாந்துறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பீசி 547 டிரான்சிஸ்டர் வைத்து நான்ட், நோர் என்ற தருக்கப் படலைகள் (0, 1 உள்ளீடுகளைப் பார்த்து 0 அல்லது 1 தரும் சுற்றுகள்) எல்லாம் பிரெட்போர்டில் செய்துவிட்டேன். இரண்டு படலை, மூன்று படலை என்றால் வேலை செய்கிறது. அதைவிடப் பெரிதானால் எங்கே எந்த டிரான்சிஸ்டர் வைப்பது என்று தட்டித் தடவித்தான் பார்க்கிறேன். இதற்கு முறையான வழி உண்டா? உயர்தரத்தில் வாய்பாட்டைச் சுருக்கப் படித்த கானோ படம் போதாதா? சீமொஸில் அந்த பீமொஸ் பக்கம் எப்படி வருகிறது என்பதும் இன்னும் பிடிபடவில்லை."

உண்டு தம்பி. அந்த வழி டிரான்சிஸ்டரைவிடப் பழையது. டிரான்சிஸ்டர் பெல் ஆய்வுகூடத்தில் 1947 டிசம்பரில்தான் பிறந்தது. அதற்குப் பத்து வருடம் முன்னால், 1937 இல், குளோட் ஷனன் என்ற 21 வயது மாணவர் எம்.ஐ.டி.யில் எழுதிய முதுமாணி ஆய்வேட்டிலேயே இதற்கு வழி போட்டுவிட்டார். அவர் கையில் இருந்தவை ரிலேக்கள், அதாவது மின்னால் திறந்து மூடும் சுவிட்சுகள். ரிலேச் சுற்றுகளும் 1854 இல் ஜோர்ஜ் பூல் புத்தகமாக எழுதிய தருக்க அட்சரகணிதமும் ஒன்றுதான் என்று அவர் காட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில் யப்பானில் அகிரா நகாஷிமாவும் ரஷ்யாவில் விக்டர் ஷெஸ்தகோவும் தனித்தனியே இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அவர்கள் எல்லோரும் கண்ட விடயம் இதுதான்: இரண்டு சுவிட்சைத் தொடராக வைத்தால் இரண்டும் மூடினால்தான் மின் போகும், அது அன்ட். சமாந்தரமாக வைத்தால் ஏதாவது ஒன்று மூடினால் போதும், அது ஓர். அன்ட்டின் எதிர் நான்ட், ஓரின் எதிர் நோர். நீங்கள் பீசி 547 இரண்டை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, மேலே ஒரு தடையி போட்டு நான்ட் செய்தீர்கள் அல்லவா? அதே கதைதான். இரண்டும் கடத்தினால் வெளியீடு கிரவுண்டுக்கு இழுபடும், இல்லாவிட்டால் தடையி அதை மேலே தூக்கும். சந்திரனுக்குப் போன அப்பலோவின் வழிகாட்டிக் கணினி முழுவதும் இப்படித் தடையியும் டிரான்சிஸ்டரும் சேர்ந்த மூன்று உள்ளீட்டு நோர்ப் படலைகளால் கட்டப்பட்டது. இரண்டாம் வடிவத்தில் ஏறக்குறைய 2800 சிப், ஒவ்வொன்றிலும் இரண்டு நோர். வேறு வகைப் படலையே இல்லை. நோர் ஒன்றே போதும் என்று கணக்கு சொல்லியிருந்ததால் துணிந்து செய்தார்கள்.

ஆகவே முறை பலகையில் தொடங்குவதில்லை, தாளில் தொடங்குகிறது. அதை ஒரு உதாரணத்தில் கடைசிவரை கொண்டுபோகிறேன். இது என் சொந்த அனுபவம், அதில் நான் பிழைவிட்ட இடமும் இருக்கிறது.

கல்லடியில் அக்கா வீட்டில் மேல்டாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டருக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து கொடுத்தேன். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் மணல். கிணறு ஆழமில்லை. கச்சான் வீசும் மாதங்களில் தண்ணீர் இறங்கிவிடும், மோட்டர் காற்றை இழுத்துச் சூடாகும். அதனால் மூன்று எஃகுக் கோல் வைத்தேன்: டாங்கியின் மேற்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, கிணற்றில் ஒன்று. கிணற்றில் தண்ணீர் தொட்டால் கி என்பது 1. டாங்கியின் மேல் கோல் நனைந்தால் மே 1, கீழ்க் கோல் நனைந்தால் கீ 1. மோட்டர் இப்போது ஓடிக்கொண்டிருந்தால் ஓ 1. எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடு போட்டால் அதன் எதிர்: மே' என்றால் மேல் கோல் காய்ந்திருக்கிறது.

இனி, வேண்டியதை வாயால் சொல்லிப் பார்ப்போம். கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டர் நிற்க வேண்டும். டாங்கி நிரம்பினால் நிற்க வேண்டும். கீழ்க் கோலும் காய்ந்துவிட்டால் ஓட வேண்டும். இரண்டு கோலுக்கும் நடுவில் தண்ணீர் நின்றால் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். நான்கு மாறிகள், 16 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் மோட்டர் ஓட வேண்டுமா (1), நிற்க வேண்டுமா (0) என்று உண்மை அட்டவணையை எழுதுங்கள். தயவுசெய்து 16 வரிசையையும் கையால் எழுதுங்கள், ஏனென்றால் எழுதும்போதுதான் ஓர் இடத்தில் பேனா நிற்கும்: மே 1, கீ 0. மேல் கோல் நனைந்திருக்கிறது, கீழ்க் கோல் காய்ந்திருக்கிறது. தண்ணீர் அந்தரத்தில் நிற்குமா? நிற்காது. நடக்க முடியாத நிலை. புத்தகம் சொல்லும்: அந்தக் கட்டத்தில் ஒரு பெருக்கல் அடையாளம் போடு, அது எதுவானாலும் பரவாயில்லை, உனக்கு வசதியானதை எடுத்துக்கொள்.

நானும் அப்படியே போட்டேன். கானோ படம் என்பது உண்மை அட்டவணையைக் கட்டங்களாக அடுக்கி, பக்கத்துப் பக்கத்து 1களை வட்டமிட்டுச் சுருக்குவது. அதில் வட்டம் பெரிதாகப் பெரிதாக உறுப்புக் குறையும் என்பதுதானே விதி. அந்தக் கட்டங்களை 1 என்று எடுத்தால் நான்கு கட்டத்துக்கு ஒரே வட்டம் கிடைக்கிறது, விடை இப்படி வரும் (புள்ளி என்றால் அன்ட், + என்றால் ஓர்):

கி·கீ' + கி·மே'·ஓ

எழுத்துகளை எண்ணினால் மொத்தம் ஐந்து உறுப்பு. அவற்றை 0 என்று எடுத்திருந்தால்:

கி·மே'·கீ' + கி·மே'·ஓ

ஆறு உறுப்பு. ஐந்து சிறியது. படித்தபடி ஐந்தைத் தெரிந்தெடுத்தேன். பரீட்சை என்றால் முழுப் புள்ளி கிடைத்திருக்கும்.

சில மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் காலையில் அக்கா தொலைபேசியில் அழைத்தா. இரவு முழுக்க டாங்கி வழிந்து, வாழைப் பாத்தி குளமாகி, ஒழுங்கையில் தண்ணீர் ஓடியிருக்கிறது. போய்ப் பார்த்தேன். கீழ்க் கோலைக் கழற்றினால் அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு, நகத்தால் சுரண்டினால் தகடு தகடாக வருகிறது. உவர்த் தண்ணீர், அதற்குள் எந்நேரமும் ஒரே திசையில் மின் பாய்ந்துகொண்டிருந்தால் வேறு என்ன நடக்கும்? கோல் தண்ணீருக்குள்ளே இருந்தும் "காய்ந்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. டாங்கி நிரம்பி மேல் கோல் நனைந்தது. அதாவது மே 1, கீ 0. நடக்க முடியாது என்று நான் அடையாளம் போட்ட அதே கட்டம். அந்தக் கட்டத்தில் என் சுற்று என்ன சொன்னது? கி·கீ' என்ற தொகுதி 1, மோட்டர் ஓடட்டும். கிணறு வற்றும்வரை ஓடி, ஊறியதும் மறுபடி ஓடி, விடியும்வரை இதே வேலை.

தம்பி, கானோ படம் போதுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. "எதுவானாலும் பரவாயில்லை" என்று அடையாளம் போடுவது சலுகை இல்லை. அந்த நிலை ஒருநாளும் வராது என்று வெளியுலகத்தின் சார்பில் நீங்கள் கொடுக்கும் வாக்கு அது. ஒரு சிப்பின் உள்ளே, உங்களுடைய இன்னொரு படலையே அந்த நிலையை வரவிடாது என்றால் தாராளமாகப் போடுங்கள். கோல், சுவிட்ச், நீண்ட வயர் என்று வெளியிலிருந்து வரும் எதற்கும் அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும், வயர் அறுந்தால் எது பாதுகாப்போ அதை எழுதிவிட்டுப் பிறகு வட்டம் போடுங்கள்.

இன்னொரு விடயம்தான் எனக்கு அதிகம் வலித்தது. அந்த ஒரு உறுப்புச் சிக்கனம் உண்மையில் சிக்கனமே இல்லை. இரண்டையும் பொதுக் காரணி எடுத்துப் பாருங்கள். ஆபத்தானது கி·(கீ' + மே'·ஓ) ஆகிறது. பாதுகாப்பானது கி·மே'·(கீ' + ஓ) ஆகிறது. இரண்டிலும் நான்கு உறுப்பு. டிரான்சிஸ்டரில் கட்டும்போது கணக்கில் வருவது இந்த நான்குதான். கானோ படம் 1953 இல் மொரிஸ் கானோ கொடுத்தது. இரண்டு மட்டத்தில் கட்டும் சுற்றுக்கு, அதாவது அன்ட்களை ஓரில் கொட்டும் அமைப்புக்கு, அது மிகக் குறைந்த விடையைத் தரும். டிரான்சிஸ்டர் வலையை அது அளப்பதே இல்லை. நம்பாவிட்டால் நான்கு உள்ளீட்டில் ஒற்றை எண்ணிக்கையா என்று பார்க்கும் சார்பைப் படத்தில் போட்டுப் பாருங்கள்: சதுரங்கப் பலகை மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று 1 விழும், ஒரு வட்டமும் போட முடியாது, எட்டுத் தொகுதி, 32 உறுப்பு. மூன்று எக்ஸ்-ஓர்ப் படலையை (இரண்டு உள்ளீடும் வேறுபட்டால் மட்டும் 1 தருவது) தொடுத்தால் முடிந்துவிடும் வேலை அது.

ஐந்தாறு மாறிக்கு மேல் போனால் படம் கையில் அடங்காது. 1956 இல் மக்லஸ்கி என்பவர், இந்தச் சுருக்கலில் குவைன் என்பவர் செய்திருந்த வேலையை அட்டவணை முறையாக்கினார். அது இயந்திரம் செய்யக்கூடியது, ஆனால் மாறி கூடக்கூட வெடித்துப் பெருகும். அதனால் 1980களில் எஸ்பிரெஸோ போன்ற மென்பொருள்கள், மிகச் சிறந்த விடையைத் தேடி அலையாமல் நல்ல விடை ஒன்றைச் சீக்கிரம் பிடிக்கும் வழிக்குப் போயின.

சரி, பீமொஸ் பக்கத்துக்கு வருவோம். தடையி வைத்த சுற்றில் வெளியீடு 0 ஆக இருக்கும் நேரம் முழுக்கத் தடையி வழியே மின் வீணாகப் பாய்கிறது. 1963 இல் ஃபெயார்ச்சைல்ட் நிறுவனத்தில் ஃபிராங்க் வான்லாஸ், சா என்பவரோடு சேர்ந்து, அந்தத் தடையியின் இடத்தில் எதிர்வகை டிரான்சிஸ்டர்களை வைத்தார். இதுதான் சீமொஸ். என்மொஸ் வகை, அதன் கேட்டில் (கட்டுப்பாட்டு முனையில்) 1 வந்தால் கடத்தும், பீமொஸ் 0 வந்தால் கடத்தும். கீழே கிரவுண்டுக்கு இழுக்க என்மொஸ் வலை, மேலே மின்னுக்கு இழுக்க பீமொஸ் வலை. நிபந்தனை ஒன்றே ஒன்று: எந்த உள்ளீடு வந்தாலும் இரண்டில் ஒன்று கட்டாயம் கடத்த வேண்டும், இரண்டும் ஒருசேரக் கடத்தக் கூடாது. ஒன்றும் கடத்தாவிட்டால் வெளியீடு அந்தரத்தில் தொங்கும், மல்டிமீற்றர் வைத்தால் ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு எண் காட்டும். இரண்டும் கடத்தினால் நேர்க் கம்பி கிரவுண்டோடு சேர்ந்ததுதான், சிப்பில் விரலை வைத்தால் சுடும். பீமொஸ் பக்கத்தைக் கண்மதிப்பில் கட்டிய பலகையில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எப்போதும் காண்பீர்கள்.

கண்மதிப்பு தேவையே இல்லை. டீ மோர்கன் விதி ஒன்று போதும். என்மொஸ் வலையில் தொடராக இருப்பதை மேலே சமாந்தரமாக்குங்கள், சமாந்தரமாக இருப்பதைத் தொடராக்குங்கள். வேறு ஒன்றும் வேண்டாம். நம் பாதுகாப்பான வாய்பாடு கி·மே'·(கீ' + ஓ). கீழே: கி, அதற்குத் தொடராக கீ' உம் ஓ உம் சமாந்தரம், அதற்குக் கீழே தொடராக மே', பிறகு கிரவுண்ட். மேலே: கி தனியே ஒரு பாதை, மே' தனியே ஒரு பாதை, கீ' உம் ஓ உம் தொடராக மூன்றாவது பாதை. கீழ்வலை கடத்தும் நிபந்தனை கி·மே'·(கீ' + ஓ). மேல்வலை கடத்தும் நிபந்தனை கி' + மே + கீ·ஓ'. இரண்டாவது முதலாவதன் எதிர், எழுத்துக்கு எழுத்து. 16 வரிசையிலும் ஒன்று கடத்த மற்றது நிற்கும் என்பது இதோடு நிறுவப்பட்டாயிற்று, பலகையில் ஒரு வயர்கூடக் குத்தாமல்.

இந்த அமைப்பு எப்போதும் எதிரைத்தான் தரும், ஏனென்றால் உள்ளீட்டில் 1 வந்தால் வெளியீடு கீழே இழுபடுகிறது. அதனால் பின்னால் ஒரு நொட், அதாவது 0 ஐ 1 ஆகவும் 1 ஐ 0 ஆகவும் திருப்பும் படலை வேண்டும். எண்ணிப் பாருங்கள்: நான்கு உள்ளீட்டுக்கு எட்டு டிரான்சிஸ்டர், பின்னால் நொட்டுக்கு இரண்டு. மே', கீ' ஆகியவற்றுக்குத் தனி நொட் தேவையில்லை. கோலை ஒரு பெரிய தடையியால் மேலே இழுத்து, தண்ணீரில் பொதுக் கோலைக் கிரவுண்டில் வைத்தால், நனையும்போது 0, காயும்போது 1. அது தானாகவே மே'. கிணற்றுக் கோலுக்கு மட்டும் ஒரு நொட், இன்னும் இரண்டு. மொத்தம் 12.

இனி பெட்டிக்குள் கைவைக்கலாம். சிடி 4007 என்று ஒரு சிப் உண்டு. உள்ளே மூன்று பீமொஸ், மூன்று என்மொஸ், பெரும்பாலான கால்கள் வெளியே தனித்தனியாக. டிரான்சிஸ்டர் மட்டத்தில் படிக்க இதைவிட நல்ல சிப்பை நான் காணவில்லை. அதில் இரண்டு எடுத்தால் சரியாக 12. ஓர் இணையில் (கேட் 6ஆம் கால்) பீமொஸின் ஒரு முனை 14ஆம் காலோடும் என்மொஸின் ஒரு முனை 7ஆம் காலோடும் உள்ளேயே கட்டப்பட்டிருக்கும், அது கிரவுண்டை ஒட்டிய மே' க்கு. இன்னோர் இணையில் (கேட் 10ஆம் கால்) இரண்டின் ஒரு முனையும் 12ஆம் காலில் சேர்ந்திருக்கும், அது வெளியீட்டை ஒட்டிய கி க்கு. 3ஆம் கால் இணை இரண்டும் கட்டற்றவை, அவை கீ' க்கும் ஓ வுக்கும். மிஞ்சும் இரண்டு இணையும் நொட்டுகள். வலையில் எந்த டிரான்சிஸ்டர் எதற்கு மேலே என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தால்தான் கால் பொருந்தும்.

மோட்டரைப் போட்டு நிறுத்தும் ரிலேயை வெளியீட்டில் நேரே மாட்டாதீர்கள். 12 வோல்ட், 400 ஓம் ரிலே என்றால் 30 மில்லிஅம்பியர் வேண்டும். பீசி 547 ஐச் சுவிட்சாக முழுதாகத் திறக்க, சேகரிப்பானில் (கலெக்டர்) பாய்வதில் பத்தில் ஒன்றை அடிவாயில் (பேஸ்) கொடுப்பது வழக்கம், அதாவது 3 மில்லிஅம்பியர். 5 வோல்ட்டிலிருந்து 0.7 போக 4.3, அதை 3 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.4 கிலோஓம், 1.2 ஐப் போடலாம். ஆனால் 5 வோல்ட்டில் ஓடும் சிடி 4007 அந்த 3 மில்லிஅம்பியரைத் தாராது. கேட்டுக்கு நிலையான மின்னோட்டம் கேட்காத 2என்7000 மொஸ்ஃபெட்டை அங்கே வையுங்கள். ரிலேச் சுருளுக்குக் குறுக்கே தலைகீழாக ஓர் இருவாயியும் கட்டாயம். 230 வோல்ட் பக்கத்தை வயரிங் தெரிந்தவரிடம் விடுங்கள்.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீர் டாங்கிக்கு அது பொருட்டே இல்லை, ஆனால் சிப் செய்பவர்களுக்கு அதுதான் சீவன். பீமொஸ் ஒரே அகலத்தில் என்மொஸைவிடப் பலவீனம், ஏறக்குறைய பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நொட்டில் என்மொஸ் 1 அகலம் என்றால் பீமொஸ் 2, உள்ளீடு சுமப்பது 3. இரண்டு உள்ளீட்டு நான்டில் என்மொஸ் இரண்டும் தொடர், ஆகவே ஒவ்வொன்றும் 2, பீமொஸும் 2, சுமை 4. நோரில் பீமொஸ் இரண்டும் தொடர், ஒவ்வொன்றும் 4, என்மொஸ் 1, சுமை 5. அதனால் நொட்டின் 3 ஓடு ஒப்பிட்டால் நான்டுக்கு 4/3, நோருக்கு 5/3. சீமொஸில் நான்டை விரும்பி நோரைத் தவிர்ப்பதன் முழுக் காரணமும் இந்த இரண்டு பின்னத்தில் இருக்கிறது. 1991 இல் ஐவன் சதர்லாந்தும் பொப் ஸ்புரூலும் இதை ஒரு முறையாகவே ஆக்கினார்கள். அடுத்தடுத்து வரும் படலை வரிசையில் ஒவ்வொரு படியும் தன்னைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கைத் தள்ளினால் தாமதம் மிகக் குறைவு. 64 மடங்கு சுமை என்றால் மூன்று படி. ஒரு தாளின் மூலையில் போட்டுவிடக்கூடிய கணக்கு, ஆனால் எத்தனை மணிநேரச் சிமுலேஷனை மிச்சம் பிடிக்கிறது!

கட்டிய சுற்று கேட்டபடிதானா என்று எப்படி அறிவது? நான்கு உள்ளீடு என்றால் 16 வரிசை, கையால் பார்க்கலாம். இரண்டு 32 பிட் எண்ணைக் கூட்டும் சுற்றுக்கு 64 உள்ளீடு. வினாடிக்கு நூறு கோடி வரிசை சோதித்தாலும் 580 வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் சோதிப்பதை விட்டு நிறுவுகிறார்கள்: வேண்டிய சுற்றையும் கட்டிய சுற்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டின் வெளியீட்டையும் ஒரு எக்ஸ்-ஓரில் கொடுத்து, "இது 1 ஆகும் உள்ளீடு ஒன்றாவது உண்டா?" என்று கேட்பது. 1986 இல் ராண்டல் பிரயன்ட் உண்மை அட்டவணையைக் கிளைவிடும் படமாகச் சுருக்கும் ஒரு வழி கொடுத்தார். எத்தனையோ சுற்றுகளுக்கு அது அற்புதமாகச் சுருங்கும், பெருக்கல் சுற்றுக்கோ சுருங்க மறுக்கும். 1994 இல் இன்டெல் பென்டியம் சிப்பில் வகுத்தல் பிழைத்தது நினைவிருக்கலாம். வகுத்தலுக்கான உள் அட்டவணையில் சில இடங்களில் இருக்க வேண்டிய எண் இல்லாமல் போயிருந்தது. அதற்கு அவர்கள் ஒதுக்கிய தொகை 475 மில்லியன் டொலர். வெறுமையாய் விட்ட கட்டம் என்றால் எனக்கு அக்கா வீட்டு வாழைப் பாத்தி ஞாபகம் வருவது இதனால்தான். இன்று யோசிஸ் என்ற இலவச மென்பொருள் இந்த ஒப்பீட்டை உங்கள் மடிக்கணினியிலேயே செய்து தரும்.

நம் சுற்றில் இன்னும் பேசாத ஒன்று, அந்த ஓ. வெளியீடே திரும்பி வந்து உள்ளீடாகிறது. அப்படி வந்தவுடன் அது ஞாபகம் உள்ள சுற்றாகிவிடும், உண்மை அட்டவணையோடு, இப்போதைய நிலையிலிருந்து அடுத்து எந்த நிலைக்குப் போகும் என்று சொல்லும் நிலை அட்டவணையும் வேண்டும். இதை 1954 இல் ஹஃப்மன் ஒழுங்குபடுத்தினார், அடுத்த இரண்டு வருடத்தில் மீலியும் மூரும் இன்று நாம் பாடத்தில் படிக்கும் வடிவத்தைக் கொடுத்தார்கள். நம் வாய்பாட்டில் ஒவ்வொரு எழுத்தும் ஒரே ஒரு தரம் வருவதால், ஓர் உள்ளீடு மாறும்போது வெளியீடு நடுவில் துடிக்கும் பிரச்சினை இல்லை. தண்ணீர் விழும்போது அலையடித்துக் கோல் நனைந்து காய்ந்தாலும் ஓ அதை விழுங்கிவிடும். கரண்ட் போய் வரும்போது மட்டும் ஓ எந்தப் பக்கம் விழிக்கும் என்று சொல்ல முடியாது. திரும்பும் பாதையில் ஒரு தடையி, அதற்குப் பின் கிரவுண்டுக்கு ஒரு சிறு கொள்ளளவி வைத்தால் 0 இல்தான் விழிக்கும். மேல் கோலின் வயரே அறுந்துவிட்டால் எந்த வாய்பாடும் காப்பாற்றாது, அங்கே இரண்டாவது கோல் வைப்பதே வழி.

நிலை அட்டவணை எழுதினால் இன்னொரு ஓட்டையும் தெரியும். டாங்கி காலி, கிணற்றில் தண்ணீர் கோலைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. மோட்டர் ஓடும், தண்ணீர் இறங்கும், நிற்கும், ஊறும், ஓடும். நிமிடத்துக்குப் பல தரம் தொடங்கினால் மோட்டர் சுருள் தாங்காது. டாங்கியைப் போலவே கிணற்றுக்கும் இரண்டு கோல் வேண்டும்: மேற்கோல் நனைந்தால் அனுமதி, கீழ்க்கோல் காயும்வரை அது நிலைக்கட்டும். இந்த அட்டவணையிலும் மேற்கோல் நனைந்து கீழ்க்கோல் காய்ந்த கட்டம் வரும். அதை 1 என்று எடுத்தால் மேற்கோல் + கீழ்க்கோல்·அனுமதி, மூன்று உறுப்பு. கீழ்க்கோல் காய்ந்தால் மோட்டர் நிற்கத்தான் வேண்டும் என்று 0 எடுத்தால் படத்தில் நான்கு உறுப்பு, காரணி எடுத்தால் கீழ்க்கோல்·(மேற்கோல் + அனுமதி), அதே மூன்று. நான் இப்போது இரண்டாவதைத்தான் வைத்திருக்கிறேன். கோல்கள் தலைகீழாகவே வருவதால் ஆறு டிரான்சிஸ்டரில் ஒரே படலை போதும், அனுமதியைத் திருப்பிக் கொடுக்க ஒரு நொட்டுக்கு இரண்டு. பழைய கிணற்று நொட்டின் இரண்டைக் கழித்தால் மொத்தம் 18. இன்னும் ஒரு சிடி 4007 வாங்கினால் மூன்று சிப்பும் ஒரு டிரான்சிஸ்டர்கூட மிஞ்சாமல் நிரம்பும். கால்கள் எப்படிப் பொருந்தும் என்பதை முதலில் தாளில் போட்டுப் பாருங்கள், பொருந்தும்.